நீலக் கோலி

கொதிக்க வைத்தாயிற்று, இனி ஒரு மணி நேரத்துக்கு உலகம்மாளால் அந்த ஸ்டூலை விட்டு எழுந்திருக்க முடியாது. அந்தப் பாழாய்ப்போன வாட்டர் பாத்துக்குத் தானாக நிற்கிற புத்தி என்றைக்கோ போய்விட்டது. சூடு ஏறினால் ஏறிக்கொண்டே போகும், தண்ணீர் வற்றினால் டியூபெல்லாம் படீர் படீரென்று விரியும், ஆள் ஒருத்தர் காவல் கிடந்து செம்பால் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். அடுப்படியில் பாலுக்குக் காவல் நிற்கிற வேலைதான், என்ன, இதற்கு ஒரு படிப்பும் வெள்ளைக் கோட்டும் வேண்டியிருக்கிறது. மற்ற நாளென்றால் போனை நோண்டுவாள், இல்லையென்றால் பக்கத்து மேஜை ஜெசிந்தாவிடம் வாய் கொடுத்துக்கொண்டிருப்பாள். இன்றைக்குக் கண் அந்த ரேக்கை விட்டு நகரமாட்டேன் என்கிறது. வரிசையாக டியூப், ஒவ்வொன்றின் வாயிலும் ஆவி போகாமலிருக்க ஒரு கோலிக்குண்டு, எல்லாம் பச்சை, காலேஜ் வாசல் பெட்டிக்கடையில் வாங்கினது. ஓரத்து டியூபில் மட்டும் நீலம். அந்த நீலக் கோலிக்குக் கீழே வேகிறது அவளுடைய ரத்தத்திலிருந்து பிரித்த சீரம். அது அவளுக்கு மட்டும்தான் தெரியும். சிவக்கட்டும், நல்லாச் சிவக்கட்டும் என்று மனசு பாட்டுக்குச் சொல்லிக்கொண்டிருந்ததை ஒரு கணம் காது கொடுத்துக் கேட்டாள். எந்தப் பொம்பளையாவது தனக்குச் சீக்கு வரவேண்டும் என்று வேண்டிக்கொள்வாளா? உலகம்மாள் வேண்டிக்கொண்டிருந்தாள். டியூப் சிவந்தால் அவள் சிறுநீரகத்தில் ஏதோ கோளாறு, கோளாறென்றால் தம்பி நம்பிராஜனுக்கு அதை அறுத்துக் கொடுக்க வேண்டியதில்லை. மாட்டேன் என்று அவள் வாயால் சொல்லவும் வேண்டியதில்லை, டியூப் சொல்லிவிடும்.

இது ஒன்றும் பெரிய கம்பசூத்திரம் இல்லை. திறந்து வைத்த எண்ணெய் நாள்பட நாள்படக் காறிப்போகிறதல்லவா, அதே கூத்துதான் உடம்புக்குள்ளும் நடக்கிறது; உள்ளே போகிற காற்றே அங்கே கொஞ்சம் முரட்டுத் துணுக்குகளைக் கிளப்பிவிடுகிறது, அதுகள் செல்லின் கொழுப்பைக் கடித்துக் காற வைக்கின்றன, உடம்பு விடாமல் துடைத்துக்கொண்டே இருக்கிறது, துடைக்கிற கை ஓய்ந்தால் காறல் ஏறுகிறது. ஆக்சிஜனேற்ற அழுத்தம் என்று டாக்டர் முபாரக் கூட்டத்தில் பேசும்போது சொல்வார், லேபில் அவளும் ஜெசிந்தாவும் காறல் என்றே சொல்வார்கள். சிறுநீரகம் கெடக்கெடக் காறல் ஏறும், காறல் ஏற ஏறச் சிறுநீரகம் இன்னும் கெடும். எவ்வளவு ஏறியிருக்கிறது என்று பார்க்கத்தான் இந்தக் கொதி. மருந்தோடு சேர்ந்து வெந்தால் காறலுக்குத் தக்கபடி ரோஸ் கலர் வரும். சிறுநீரகத்துக்கு வழக்கமாகப் பார்க்கிற ரத்த டெஸ்ட் கிரியாட்டினின், அது ஒரு ஊமைக்கோட்டான், பாதி போன பிறகுதான் வாயைத் திறக்கும். இந்த ரோஸ் அதற்கு முன்னாலேயே காட்டிக்கொடுக்கிறதா, தாம் கொடுக்கிற புது மாத்திரை காறலைக் குறைக்கிறதா, இதுதான் டாக்டரின் ஆராய்ச்சி. சரி, நோயாளியின் கலரை எதை வைத்து ஒப்பிடுவது? அதற்கென்றே அளவு தெரிந்த கரைசல் ஒரு பாட்டில் இருந்தது, தீர்ந்தது, கேட்டுக் கேட்டுப் பார்த்தார்கள், வந்தபாடில்லை. நல்ல ஆரோக்கியமான ஆள் ஒருத்தர் ரத்தத்தை நார்மலாக வைத்துக்கொள்ளுங்கள், அதைப்போல எத்தனை மடங்கு என்று சொன்னால் போதும் என்றுவிட்டார் டாக்டர். லேபில் ஆரோக்கியமான ஆளுக்கு எங்கே போவது! ஒருத்தருக்கு சுகர், ஒருத்தருக்கு பிரஷர், ஜெசிந்தாவுக்கு அப்போது வயிற்றில் பிள்ளை. உலகம்மாளுக்கு ஒரு நோயும் கிடையாது, நரம்பு வேறு கயிறாகப் புடைத்துக்கொண்டு நிற்கும், குத்துகிறவர்களுக்குச் சுகம். அன்றைக்கு நீட்டின கைதான், மூன்று வருஷமாக ஒவ்வொரு தடவையும் அவள் ரத்தம்தான் நார்மல். கலர் வரவைக்கிற மருந்து பாட்டிலுக்குப் பாட்டில் வீரியம் மாறும், ஒரு மாசம் எல்லாம் வெளிறி வரும், ஒரு மாசம் எல்லாம் அடர்ந்து வரும், அதனால் கலரை மட்டும் பார்த்து யாரும் எதுவும் சொல்வதில்லை, உலகம்மாளைப்போல எத்தனை மடங்கு, அது ஒன்றுதான் பேச்சு. லேபில் அவளுக்குப் பேரே நார்மல் அக்கா என்றாகிவிட்டது. பொய் சொல்லக்கூடாது, அவளுக்கு அந்தப் பேர் பிடித்துத்தான் இருந்தது.

இந்தத் தடவை அவள் நார்மல் இல்லை. மாற்று ஆபரேஷனுக்கு ஆட்களை ஒழுங்கு பண்ணுகிற மேடம் போன வாரம் லேபுக்கே வந்து, இனி நீங்கள் யாருக்கும் ஒரு சொட்டு ரத்தம் கொடுக்கக் கூடாது, திங்கட்கிழமை பெரிய டெஸ்டெல்லாம் தொடங்குகிறது, உடம்பைப் பத்திரமாக வையுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனாள். யாருக்காக வைக்க வேண்டும் என்று அவள் சொல்லவில்லை, சொல்லத் தேவையும் இல்லை. ஆகவே இன்றைக்கு ஜெசிந்தா கையை நீட்டினாள், பிள்ளை பெற்றுத் தேறி ஆள் இப்போது கல்லுக்குண்டாக இருக்கிறாள், நானும் நார்மல் ஆயிட்டேன்க்கா என்று ஒரே சிரிப்பு. அவள் வருவதற்கு முன்பே உலகம்மாள் கதவைச் சாத்திக்கொண்டு, ரப்பர் டியூபைப் பல்லால் கடித்து இழுத்துக் கட்டி, தன் இடது கையில் தானே குத்தி எடுத்துவிட்டாள். ஏன் எடுத்தாள்? காலையிலிருந்து இந்தக் கேள்வியைத்தான் தட்டிக் கழித்துக்கொண்டிருக்கிறாள். சும்மா, பழக்கதோஷம் என்று முதலில் சொல்லிக்கொண்டாள். பிறகு, ஒன்றுக்கு இரண்டு நார்மல் இருந்தால் நல்லதுதானே என்று. தண்ணீர் சலசலவென்று கொதித்தது. செம்பைச் சாய்த்துக் கொஞ்சம் ஊற்றினாள், அடங்கிற்று, பிறகு பழையபடி தொடங்கிற்று.

யாரும் அவளிடம் கேட்கவே இல்லை, அதுதான் நெஞ்சை அறுக்கிறது. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பாள் என்று அவளுக்கே தெரியாது, ஒருவேளை சரி என்றே சொல்லியிருப்பாள், ஆனால் கேட்டிருக்க வேண்டும். நம்பியின் பெண்டாட்டிக்கு ரத்த குரூப் வேறு, அம்மாவுக்கு முப்பது வருஷ சுகர், அக்காவுக்கு அதே குரூப். கூட்டிக் கழித்து எல்லோரும் அவள் முகத்தைப் பார்த்தார்கள், அவள் தட்டைப் பார்த்தாள், முடிந்தது பேச்சு. அவள் வீட்டுக்காரர் பாவம், நீ என்ன சொல்லுதியோ அதான் என்றார், அது ஒத்தாசை மாதிரி தெரியும், யோசித்துப் பார்த்தால் அவரும் கையைக் கழுவினதுதான். அன்றைக்கு ராத்திரி சாப்பாட்டில் அம்மா சீலா மீனின் நடுத்துண்டை எடுத்து அவள் தட்டில் வைத்தாள். பிறந்ததிலிருந்து நாற்பத்துச் சொச்ச வருஷத்தில் அந்த நடுத்துண்டு அவள் தட்டுக்கு வந்ததே கிடையாது, அப்பா இருந்தவரைக்கும் அப்பாவுக்கு, அவர் உடம்பெல்லாம் வீங்கிப் போய்ச் சேர்ந்த பிறகு நம்பிக்கு. இவளுக்கு வால் பிடிக்கும் என்று வீட்டில் ஒரு பேச்சு உண்டு, யார் கிளப்பிவிட்டதோ. இப்போது நடுத்துண்டு, மாதுளை ஜூஸ், இருமினால் கஷாயம், வெயிலில் போகாத, கனத்தைத் தூக்காத, ஸ்கூட்டரில் மெதுவாப் போ. பிள்ளைத்தாய்ச்சிக்குக்கூட இப்படி உபசாரம் கிடையாது. சின்ன வயசில் இந்தக் கவனிப்புக்கு ஏங்கி எத்தனை நாள் சுருண்டு படுத்திருப்பாள். கிடைத்தபோது பார்த்தால் அம்மா பேணுவது இவளை இல்லை, இவளுக்குள்ளே இருக்கிற நம்பியின் பொருளை. உலகம்மாள் அந்த மீனைத் தின்றாள். ருசியாகத்தான் இருந்தது, அதை நினைத்தால் இன்னும் ஆத்திரம் வருகிறது.

அந்த ஊசி ஞாபகம் வேறு இப்போது எதற்கு வருகிறதோ. நம்பிக்கு நாலு வயசு, இவளுக்கு ஒன்பது, தகரம் கிழித்துக் காலில் ரத்தம், டவுன் டாக்டர் முன்னால் படுத்துப் புரண்டு அழுகிறான், நாலு பேர் பிடித்தும் அடங்கவில்லை. அம்மாதான் சொன்னாள், முதல்ல அக்காவுக்குப் போடுங்க டாக்டர், அவன் பாக்கட்டும். டாக்டரும் சிரித்துக்கொண்டே இவள் கையைப் பிடித்தார். சும்மா ஊசியைக் காட்டிவிட்டு எடுத்துவிடுவார் என்று இவள் நினைத்தாள், நிஜமாகவே ஏற்றிவிட்டார். எந்த மருந்து, எதற்கு என்று இன்றுவரைக்கும் தெரியாது. நம்பி அழுகையை நிறுத்திவிட்டு மூக்குச் சளியோடு இவள் முகத்தையே பார்த்தான். வலிக்காக்கா? வலிக்கவே இல்லல, எறும்பு கடிச்ச மாதிரிதான் இருக்கு. அவன் உடனே கையை நீட்டினான். அதிலிருந்து இதுவே வழக்கமாகிவிட்டது, பல்லாஸ்பத்திரியிலும் இவள்தான் முதலில் வாயைத் திறந்து காட்டினாள், கசப்பு மருந்தும் முதல் மடக்கு இவளுக்கு, ஒவ்வொரு தடவையும் அவன் அதே கேள்வி, இவள் அதே பதில். தான் என்றைக்கு நார்மல் ஆனோம் என்று யோசித்தால் அது லேபில் இல்லை, அந்த டவுன் டாக்டர் ரூமில். அட, இது இவ்வளவு நாள் தோன்றவே இல்லையே என்று உலகம்மாளுக்கு ஒரு வறட்டுச் சிரிப்பு வந்தது. ஜெசிந்தா திரும்பிப் பார்த்து என்னக்கா என்றாள். ஒண்ணுமில்லட்டி என்றாள்.

பயம்தானே, பயம் என்று சொல்லிக்கொள்ள என்ன வெட்கம். விலாவுக்குக் கீழே கீறி உள்ளேயிருந்து ஒன்றை எடுத்துவிடுவார்கள், எழுந்து நடக்கிறவர்கள்தான் எல்லோரும், இந்த லேபுக்கே வந்து நன்றாக நடமாடிக்காட்டின ஆட்கள் உண்டு, அது எல்லாம் தெரியும். தெரிந்து என்ன செய்ய, ராத்திரி படுத்தால் கை தானாக இடுப்புக்குப் போய்விடுகிறது, அங்கே தடவித் தடவிப் பார்க்கிறது, இருக்கிறாயா என்று கேட்கிறது. ஒன்று போதும் மனுஷனுக்கு என்கிறார்கள். அப்படியென்றால் ஏன் ரெண்டு வைத்தான்? இதற்கு டாக்டர் முபாரக்கே பதில் சொல்லிவிட்டார், எதற்கும் இருக்கட்டும் என்றுதான் என்று. எதற்கும் இருக்கட்டும் என்று வைத்ததை எடுத்துவிட்டால் அந்த எதற்கும் வரும்போது என்ன செய்வது? இந்த இடத்துக்கு வந்ததும் அவள் யோசனை வழக்கம்போல நின்றுபோகும், நின்ற இடத்தில் நம்பியின் முகம் வரும், கண்ணுக்குக் கீழே பை, மூச்சில் ஒரு வாடை, ஒர்க்ஷாப்பில் டிராக்டர் என்ஜினைத் தனியாகத் தூக்கி வைக்கிறவன் இப்போது வாசல் படி ஏறிவிட்டு நிற்கிறான். அவனுக்கு அவள் உயிரையே கொடுப்பாள். கொடுப்பாள்தானா? வாய் சொல்லும், இடுப்புக்குப் போகிற கை வேறு சொல்கிறது. ரத்தம் கெட்டுப்போனால் டியூப் சிவக்கும், அதற்கு எத்தனையோ வழி இருக்கிறது, கெடாமல் பார்த்துக்கொள்ளச் சம்பளம் வாங்குகிறவளுக்கு அத்தனையும் அத்துப்படி. ஒல்லி ஊசியில் வெடுக்கென்று இழுத்தால் போதும், எடுத்த டியூபை நாலு குலுக்குக் குலுக்கினால் போதும், செல் உடைந்து கலர் ஏறிவிடும். காலையில் எடுத்து முடித்துக் கையில் வைத்துக்கொண்டு நின்றாளே, அந்த நேரம் கை குறுகுறுத்தது உண்மை. குலுக்கவில்லை. குலுக்கவில்லைதானே? கட்டை அவிழ்க்கும்போது கை ஆடியதோ, ரத்தத்தைச் சுழற்றிப் பிரிக்கிற சென்ட்ரிஃப்யூஜ் வரைக்கும் போகும்போது வேகமாகப் போனோமோ? ஆனால் சீரம் தெளிவாகத்தான் வந்தது, இளநீரில் ஒரு துளி மஞ்சளைக் கரைத்தால் எப்படியோ அப்படி, செல் உடைந்திருந்தால் அதிலே சிவப்பு ஓடியிருக்கும். இவளே வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். அப்படியென்றால் இப்போது கலர் ஏறினால் அது அவளுடைய சொந்தக் கலர்தான். ஏறாவிட்டால் திங்கட்கிழமை. திங்கட்கிழமை கையெழுத்துப் போடும்போது உங்கள் சொந்த விருப்பத்தில்தானா என்று கேட்பார்களாம். அங்கேயாவது ஒருத்தர் கேட்கிறார்களே.

ஜன்னல் கண்ணாடியில் நிழலாடிற்று, பார்த்தால் நம்பி. அம்மா தூக்குவாளியில் மாதுளை ஜூஸ் கொடுத்தனுப்பியிருக்கிறாள், இத்தனைக்கும் அவனுக்கே தண்ணீர் அளந்துதான் குடிக்க வேண்டும், அந்தத் தொண்டை வறண்ட பயல் கையில் இவளுக்கு ஜூஸ். உள்ளே வரக்கூடாதென்று அவனுக்குத் தெரியும், கதவைக் கொஞ்சம் திறந்து வாளியை நீட்டினான். முடிவு செய்த நாளிலிருந்து அவன் இவள் கண்ணைப் பார்த்துப் பேசுவதில்லை, வாட்டர் பாத்தைப் பார்த்துப் பேசினான். இன்னும் எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்டான், இப்ப எடுத்துருவேன் என்றாள். இந்தத் தடவையும் கொறஞ்சிருக்கும்லா என்றான், குரலில் ஒரு நமநமப்பு. அவனுக்கு இந்த டியூப் ஒன்றுதான் நல்ல சேதி சொல்கிற இடம். டாக்டர் முபாரக்கின் புது மாத்திரையைத் தின்கிறவர்களில் அவனும் ஒருத்தன், முதல் தடவை அவன் காறல் அக்காவைப்போல நாலு மடங்கு என்று வந்தபோது வீட்டில் அழுகை, பிறகு மூன்றரை, பிறகு மூன்று, போன தடவை ரெண்டுக்கும் கொஞ்சம் மேலே. கிரியாட்டினின் ஏறத்தான் செய்தது, டயாலிசிஸுக்குத் தோதாகக் கையில் நரம்பு இணைக்கிற சின்ன ஆபரேஷனைச் செய்து வைத்துக்கொள் என்று டாக்டர் தலைபாடாக அடித்துக்கொண்டார். இவன் கேட்டால்தானே, டாக்டர் ஆயிரம் சொல்லட்டும், எங்க அக்கா லேபுல இருக்கா, உள்ள எல்லாம் கொறைஞ்சிட்டு வருதுன்னு அவ சொல்லுதா என்று ஒர்க்ஷாப்பில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தான். டாக்டருக்கும் குழப்பம்தான், மாத்திரை வேலை செய்கிறது, காறல் முதலில் குறையும், மற்றது பின்னால் வரும் என்று அவரே தன்னைத் தேற்றிக்கொண்டார். கொஞ்சம் வெளிய பெஞ்சில இருல, பாத்துட்டுச் சொல்லுதேன் என்றாள் உலகம்மாள். அவன் போய் உட்கார்ந்தான், முதுகு மட்டும் கண்ணாடியில் தெரிந்தது.

நேரம் முடிந்து ஸ்விட்சை அணைத்தாள். கொதி அடங்க மனமில்லாமல் அடங்கியது. துணியைச் சுற்றி ரேக்கைத் தூக்கிக் குழாயடியில் வைத்துப் பச்சைத்தண்ணீரைத் திறந்துவிட்டாள், கண்ணை மட்டும் டியூபுக்குக் கொடுக்கவில்லை, எதிர்ச் சுவரில் பல்லி இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு நின்றாள். கோலிகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கிண்ணத்தில் போட்டாள், டக், டக், டக். கடைசியாக நீலம். பிறகு வேறு வழியில்லை, பார்த்தாள். ரத்தமே சேர்க்காத முதல் டியூப் வெறும் தண்ணீர். ஜெசிந்தாவினுடையதில் கலர் இருக்கிறது என்று சொன்னால்தான் இருக்கிறது, வெள்ளைத் தாளைப் பின்னால் பிடித்தால் ஏதோ ஒரு சாயல். நம்பியுடையது அடர்ந்த ரோஸ், எப்போதும்போல. பக்கத்தில் இவளுடையதும் ரோஸ். கொஞ்சம் கம்மி, அவ்வளவுதான். அக்கா தம்பி டியூப் என்று யாரும் சொல்லாமலேயே சொல்லிவிடலாம்.

சந்தோஷம்தான் முதலில் வந்தது, அதை மறைத்து என்ன பிரயோஜனம். நெஞ்சிலிருந்து ஒரு பாறாங்கல்லை யாரோ இறக்கி வைத்தார்கள். தப்பித்தேன், தப்பித்தேன், திங்கட்கிழமை இல்லை, கையெழுத்து இல்லை, அம்மா நடுத்துண்டைத் திருப்பி எடுத்துக்கொள்ளட்டும். இதை மட்டும் வைத்து எந்த டாக்டரும் எதுவும் சொல்ல மாட்டார், ஆனால் இதைக் காட்டினால் இன்னும் நுணுக்கமாகப் பார்ப்பார்கள், பார்த்தால் கிடைக்கும், அப்பா வீங்கிச் செத்தது எதனால் என்று இப்போதாவது யாராவது கேட்பார்கள். குழாய்த்தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. எத்தனை நாளாக இப்படி இருக்கும் என்று ஒரு யோசனை சும்மா வந்தது, வந்தது அப்படியே நின்றது. நேற்று ராத்திரியா வந்திருக்கும்? மூன்று வருஷமாக இந்த ரேக்கில் இவளுடைய டியூப் இருந்திருக்கிறது, பக்கத்தில் இன்னொரு நல்ல ஆள் டியூப் ஒரு நாளும் இருந்ததில்லை. லேசாகக் கலர் தெரிந்தபோதெல்லாம் புது பாட்டில் மருந்து கொஞ்சம் காட்டம் என்று சொல்லியிருக்கிறாள், ஜெசிந்தாவும் ஆமாக்கா என்றிருக்கிறாள். எல்லோரையும் இவளை வைத்துத்தானே அளந்தார்கள். இவளை எதை வைத்து அளந்தார்கள்? உலகம்மாள் ரேக்கின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். நாலு மடங்கு மூன்றரையானது, மூன்று ரெண்டானது, ஒவ்வொரு தடவையும் ஓடிப்போய் நல்ல சேதி சொன்னவள் இவள், ஒரு தடவை பால்கோவாகூட வாங்கிக்கொண்டு போனாள். அவனுக்குக் குறையவே இல்லை. ஒரு நாளும் குறையவில்லை. இவளுக்கு ஏறியிருக்கிறது. இவள் ஏற ஏற அவன் இறங்குகிற மாதிரித் தெரிந்திருக்கிறான், அதை நம்பி அந்தப் பயல் கையில் ஆபரேஷன் செய்துகொள்ளாமல் மூன்று வருஷத்தை விட்டிருக்கிறான். இறங்கின பாறாங்கல் இருந்த இடத்துக்கே திரும்பி வந்தது, இந்தத் தடவை ரெண்டாக வந்தது. ஒரு சாய்ப்புச் சாய்த்தால் நீலக் கோலி டியூப் தொட்டியோடு போய்விடும், யாருக்கும் தெரியாது, ஜெசிந்தாவை வைத்து மடங்கு போட்டு ஏதாவது ஒரு காரணம் சொல்லிக்கொள்ளலாம், திங்கட்கிழமை கிரியாட்டினின் தங்கமாக வரும், கெட்டுக்கொண்டிருக்கிற ஒன்றை எடுத்து அவனுக்குள் வைத்துத் தைத்துவிட்டு, கெட்டுக்கொண்டிருக்கிற இன்னொன்றோடு இவள் வீட்டுக்கு வரலாம். எடுத்துக் காட்டினால் அவனுடைய கடைசி நம்பிக்கையையும் தன் கையாலேயே பிடுங்க வேண்டும். காட்டாமல் இருக்க வழி இருக்கிறதா என்று அந்த அறையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள், ஃபிரிட்ஜ், தொட்டி, அலமாரி, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவன் முதுகு. டியூபைச் சாய்க்கக் கை எழும்பவில்லை. இத்தனை வருஷம் எந்த டியூபையும் முடிவு பார்க்காமல் கொட்டினதில்லை, அந்தப் பழக்கம்தான் கையைப் பிடித்தது, வேறு பெரிய நியாயம் ஒன்றும் இல்லை.

கதவைத் திறந்து உள்ளே வா என்றாள். வரலாமா என்று கேட்டுக்கொண்டே செருப்பைக் கழற்றிவிட்டு வந்தான். நாலு டியூபையும் வெள்ளைத் தாளுக்கு முன்னால் வைத்து, இது வெறும் தண்ணி, இது ஜெசிந்தா, இது நீ, இது நான் என்று காட்டினாள். மூன்று வருஷமாக நடந்ததைச் சொன்னாள், கோர்வையாக வரவில்லை, தட்டுத் தடுமாறித்தான் சொன்னாள். ஜெசிந்தா வேலையை விட்டுவிட்டு எழுந்து நின்றாள், அவளுக்கு முதல் வாக்கியத்திலேயே புரிந்துவிட்டது. நம்பி டியூபைப் பார்த்தான், பிறகு எத்தனையோ நாளைக்கப்புறம் அக்காவின் கண்ணைப் பார்த்தான். கோபப்பட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள்.

"பயமா இருக்குன்னா சொல்லிருக்கலாம்லாக்கா. வேண்டாம்னு ஒரு வார்த்த சொன்னா நான் கேக்க மாட்டேனா? இதுக்குப் போயி ஒனக்குச் சீக்குன்னு ஏன் சொல்லுத?"

அவன் நிஜமாகத்தான் சொன்னான், தோளில் கைகூட வைத்தான். பயமில்லை என்று சொல்ல வாயைத் திறந்தாள், பயம் இருந்தது. நான் வேண்டிக்கொண்டு வந்ததில்லை இது என்று சொல்லலாம், வேண்டிக்கொண்டாளே, ஒரு மணி நேரம் ஸ்டூலில் உட்கார்ந்து வேண்டிக்கொண்டாளே. எந்தப் பக்கம் போனாலும் சுவர். இதை அம்மாவிடம் சொன்னாலும் இதே பேச்சுத்தான் வரும், ஒர்க்ஷாப்பிலும் வரும், அக்கா கடைசி நேரத்தில் கதை கட்டிவிட்டாள் என்று ஊரே பேசும். உலகம்மாள் ரத்தம் எடுக்கிற நாற்காலியில் போய் உட்கார்ந்தாள். கோட்டைக் கழற்றி வலது கைச் சட்டையைச் சுருட்டிவிட்டுக்கொண்டாள். ஜெசிந்தா, திரும்ப எடு, ஒண்ணுக்கு நாலா எடு, நீயே எடு, நீயே எல்லாம் செய், நான் ஒண்ணையும் தொடமாட்டேன் என்றாள். நம்பியைப் பார்த்து, நீ இங்ஙனயே நில்லு என்றாள், அவன் நின்றான்.

ஜெசிந்தா ஊசியை எடுத்தாள். கயிறாகப் புடைத்து நிற்கிற நரம்பையே அவள் முதல் குத்தில் தவறவிட்டாள், ஊசியை வெளியே எடுக்காமல் உள்ளேயே திருப்பித் தேடினாள். நம்பி பக்கத்தில் குனிந்து, நாலு வயசில் பார்த்த அதே பார்வையாக அக்காவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"வலிக்காக்கா?"

"வலிக்குல," என்றாள் உலகம்மாள்.